அப்பாவின் முதல் ஷிப்ட்

மேனாம்பேட்டில் காலை நடைக்கு நாங்கள் ஐந்தாறு பேர் சேர்வோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள்தான். பேச்சு முட்டிவலியில் தொடங்கி, பென்ஷன் அரியர்ஸைத் தொட்டு, சர்க்கரை அளவில் வந்து நிற்கும். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் பேச்சு கொலஸ்ட்ரால் பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினார். "மூளையே கொழுப்பால் ஆனது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் மூளை வற்றி, மறதி நோய் வரும். உடனே நிறுத்துங்கள்" என்று இருந்தது. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு 78 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மேசை மேல் மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. இரவு மாத்திரைக்கான கட்டங்களில் ஒரு மாத்திரை மட்டும் வரிசையாக அப்படியே கிடந்தது. கேட்டேன்.

"அது கொலஸ்ட்ரால் மாத்திரைடா. நாலு மாசமா போடறதில்ல."

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. போன்ல வந்துச்சு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு சாகறதுக்கு பயமில்லடா தம்பி. அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னுதான் பயம்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா எப்படி ஆனார் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அதை இதுவரை நான் எழுதியதில்லை.

அப்பா 1951இல் டி.ஐ. சைக்கிள்ஸில் சேர்ந்தார். 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. சிட்கோ எஸ்டேட் வருவதற்கு வெகு காலம் முன்பு. அப்போது இந்தப் பக்கமெல்லாம் வயலும் ஏரியும்தான். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் நடந்தபோது, எட்டு வயது அக்காவை சைக்கிள் பாரில் உட்கார வைத்து, நேருவைக் காட்ட அழைத்துப் போனார். நான் மூன்று வயதுப் பிள்ளை, அதனால் என்னை விட்டுவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

1975இல் அப்பா ஓய்வு பெற்றார். ஏழெட்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். முதலில் பெயர்கள் மறந்தன. பிறகு கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்பது மறந்தது. 1983 வாக்கில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு, முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. "லேட் ஆச்சு, சங்கு ஊதிடுவான்" என்பார். தடுத்தால் கோபம் வரும். கை ஓங்குவார். வாழ்நாள் முழுக்க எங்களை அடித்தறியாத மனிதர்.

அக்கம்பக்கத்து வைத்தியரிடம் காட்டினோம். "வயசானா அப்படித்தான். சத்து மாத்திரை தரேன்" என்றார். உறவினர் ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொன்னார். இன்னொருவர் தணிந்த குரலில் "கீழ்ப்பாக்கம்" என்றார். சென்னைக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். 1794இல் வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் மதராஸில் தொடங்கிய மனநோயாளர் விடுதியின் தொடர்ச்சிதான் அது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே எத்தனையோ நல்ல வைத்தியம் நடந்திருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளராக இருந்து, பிறகு 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தச் சொல்லில் இருந்த அவமானம்தான்.

அப்போது நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தேன். இரவெல்லாம் பீல்டில் இருந்துவிட்டு வந்து, விடியும் முன்பே அப்பாவைத் தேடி ஓட வேண்டும். ஒருமுறை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் கண்டுபிடித்தோம், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். அன்று இரவு முதல் அவர் அறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நாலரைக்கு அவர் கதவைத் தட்டுவார். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. நான் தலையணையால் காதை மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

பத்து நாள் கழித்து அக்கா வந்தாள். அந்தத் தட்டலைக் கேட்டதும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்து, அவரோடு தானும் நடந்தாள். கேட் வரை போனார்கள். வாட்ச்மேன் அப்பாவை அடையாளம் தெரிந்துகொண்டு, "சார், இன்னிக்கு லீவு" என்றாராம். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து இட்லியைச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அதன் பிறகு பல மாதங்கள் அதுதான் வழக்கம். 1988இல் அப்பா இறந்தார். அவருக்கு வந்த நோயின் பெயர் கடைசி வரை எங்களுக்குத் தெரியாது.

பெயர் தெரியாதது எங்களுக்கு மட்டும் அல்ல என்று பின்னால் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் இதை 'அறளை பெயர்தல்' என்கிறார்கள். கேரளத்தில் 'சின்னன்', அதாவது குழந்தைத்தனம். வட இந்தியாவில் 'சடியா கயா', அறுபது ஆகிவிட்டது என்று பொருள். எல்லாச் சொல்லும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இது நோய் அல்ல, வயசு.

ஜெர்மனியில் இதை நோய் என்று எழுதி வைத்தவர் அலோய்ஸ் அல்சைமர். 1901 நவம்பரில் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டு வந்தார்கள். கணவர் பெயர் என்ன என்று கேட்டால் தன் பெயரையே சொன்னார். காலிபிளவரும் இறைச்சியும் தின்றுகொண்டே, கீரை தின்கிறேன் என்றார். அல்சைமர் ஒவ்வொரு பதிலையும் குறித்துக்கொண்டார். 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்து, அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் பேசினார். நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே நார் முடிச்சுகள். இந்த இரண்டும் உலகப் புகழ் பெற்றுவிட்டன. மூன்றாவதாக ஒன்றையும் அவர் குறித்திருந்தார். நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களில் கொழுப்புத் துளிகள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய எண்பது தொண்ணூறு வருடம் அது அப்படியே கிடந்தது.

மூளையில் கொழுப்பு இருப்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். பித்தப்பைக் கல்லில் இருந்து கிடைத்த மெழுகு போன்ற பொருளுக்கு 1815 வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 'கொலஸ்டெரின்' என்று பெயர் வைத்தார். பித்தம், கெட்டியானது என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அது. அதே பொருள் மூளையிலும் இருப்பதை 1834இல் கூர்ப் என்பவர் கண்டார். 1884இல் லண்டனில் தூடிகும் என்ற ஜெர்மானிய மருத்துவர் மூளையின் வேதியியல் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். பித்தக்கல் பற்றியும் சமையல் பற்றியும்கூடப் புத்தகம் எழுதிய மனிதர். மூளையை அவர் அளவுக்குப் பிரித்துப் பார்த்தவர் அன்று இல்லை. ஆனால் அவர் காலத்தில் அதற்கு மதிப்பும் இல்லை.

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. உடம்பு எடையில் மூளை வெறும் 2 சதவீதம். ஆனால் உடம்பில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 20 சதவீதமோ அதற்கு மேலோ மூளையில்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில். எங்கள் மின்வாரிய ஆட்களுக்கு இது சட்டென்று விளங்கும். கேபிளுக்கு இன்சுலேஷன் மாதிரி. உறை கெட்டால் லைன் இருந்தும் கரண்டு ஒழுங்காகப் போகாது. நரம்பும் நரம்பும் சந்திக்கும் இடங்கள் உருவாகவும் கொலஸ்ட்ரால் வேண்டும். அது கிளியா செல்களில் இருந்துதான் கிடைக்கிறது என்று 2001இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, கொலஸ்ட்ரால் இல்லாமல் மூளை இல்லை, ஞாபகமும் இல்லை.

செய்தி சொல்லாமல் விட்ட மறுபாதிதான் முக்கியம். நாம் தின்னும் நெய்யில் இருந்தோ, ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் இருந்தோ மூளை எடுத்துக்கொள்வதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களை அது உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்கிறது. மிச்சத்தை உருமாற்றி, தடுப்பைத் தாண்டக்கூடிய வடிவத்தில் வெளியே அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 6, 7 மில்லிகிராம்தான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் எண் வேறு கணக்கு, மூளையின் கணக்கு வேறு. ஒரே வங்கியில் இரண்டு பாஸ்புக் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குள் இந்தக் கொலஸ்ட்ராலைச் சுமந்து கொடுக்கும் கூலியாள் ஒருவன் இருக்கிறான். ஏபோஇ என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். அதில் மூன்று வகை உண்டு. 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர், அதில் நாலாம் எண் வகையைப் பெற்றவர்களுக்கு அல்சைமர் நோய் அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். கொழுப்பைச் சுமப்பவனுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்குக் குழப்பம். அல்சைமர் பார்த்த கொழுப்புத் துளிகளின் நினைவு அதற்குப் பிறகுதான் திரும்பி வந்தது. 2022இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அந்த நாலாம் வகை இருந்தால், மயலின் உறையைச் செய்ய வேண்டிய செல்களுக்குள்ளேயே கொலஸ்ட்ரால் தேவையில்லாத இடத்தில் தேங்கி நிற்கிறது. உறைக்குப் போய்ச் சேருவதில்லை. ரேஷன் கடைக்கு மூட்டை வந்து இறங்கியும் கார்டுக்குச் சரக்கு கிடைக்காதது போல.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஒரு பகுதியையும் ஒப்பிட்டு, 1990களில் இரு நாட்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பல்லப்கரில் அல்சைமர் நோய் குறைவாக இருந்தது. அந்த நாலாம் வகையும் அங்கே குறைவாகவே இருந்தது. ஆனால் அது இருந்தவர்களுக்கு ஆபத்து இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி.

நம் பக்கத்திலும் எண்ணிப் பார்த்தார்கள். மதராஸ் மருத்துவர்கள் திருப்போரூர் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 1997இல் வெளியிட்ட கணக்குப்படி, 60 தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அதற்குள் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். 1998இல் கொச்சியில் கூடிய உலக ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். இந்த நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வில் 10 சதவீதம்கூட இங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அவர்கள் ஆய்வு செய்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு.

2008இல் வந்த முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க மருத்துவக் கையேட்டின் அளவுகோலை வைத்து எண்ணினால், கிராமத்து இந்தியாவில் 65 தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் நோய். படிப்பில்லாதவர்களுக்கும் பொருந்துமாறு இந்தக் குழு அமைத்த அளவுகோலை வைத்தால், அது பல மடங்கு கூடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? வீட்டுக்காரர்கள் பெரியவரின் தடுமாற்றத்தைக் குறையாகவே சொல்வதில்லை. வயசானா அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். அந்த வைத்தியர் 1983இல் சொன்ன அதே வாக்கியம். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு, 60 தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் வேப்பிலைக்கும் சத்து மாத்திரைக்கும் அலைய வைத்த அதே காலத்தில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு இருந்தது. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் தொடங்கியது. அம்பத்தூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. எங்களுக்குத் தெரியாது. இன்று கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 முதல் நடக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று என் நடைக் கூட்டாளிகளைக் கேட்டேன். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

சரி, மாத்திரை கதைக்கு வருவோம். ஸ்டாட்டின் என்ற இந்த மருந்து ஒரு பூஞ்சையில் பிறந்தது. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1987இல் அமெரிக்காவில் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில், இதைச் சாப்பிடுபவர்களுக்கு டிமென்ஷியா குறைவு என்று சில கணக்குகள் வந்தன. உடனே இதுதான் மருந்து என்று நினைத்து, அல்சைமர் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 2012இல் அமெரிக்க மருந்துத் துறை, சிலருக்கு இதனால் ஞாபகத்தில் மந்தம் வரலாம், மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று எச்சரிக்கை எழுதச் சொன்னது. வாட்ஸ்அப் செய்தி இந்த ஒரு வரியில் இருந்துதான் முளைத்திருக்க வேண்டும். மறதி நோயே வரும் என்று அதில் இல்லை.

அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாட்டி, இந்த மாத்திரை மூளைக்குக் கொடுக்கறது இல்ல. மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்க்கு. குழாய் அடைச்சா அதுலயும் மறதி வரும். அதுக்கு உங்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஏற்கனவே வழி போட்டு வெச்சிருக்கு." 2024இல் லான்செட் குழு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கவனிக்க வேண்டிய 14 காரணங்களில், நடுத்தர வயதில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுவதையும் புதிதாகச் சேர்த்திருக்கிறது என்றார். "அப்போ இந்த வயசுல?" என்று நான் கேட்டேன். "எழுபத்தெட்டு வயசுல புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா யோசிப்பேன். உங்க அக்காவுக்கு ஏற்கனவே தேவை இருந்து கொடுத்தது. குறைக்கணும்னா நாங்க பார்த்துக் குறைப்போம். போனைப் பார்த்து நிறுத்தாதீங்க" என்றார்.

பிறகு அக்காவுக்கு ஒரு சோதனை வைத்தார். இன்று என்ன கிழமை, மூன்று பொருளின் பெயரைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பது, கடிகாரம் வரைவது. அக்கா மூன்றில் ஒன்றை மறந்துவிட்டாள். கடிகாரத்தைச் சரியாக வரைந்தாள். முள்ளை எந்த நேரத்தில் வைக்கட்டும் என்று கேட்டுவிட்டு, மருத்துவர் சொல்வதற்குள் நாலரையில் வைத்தாள். மருத்துவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார். காது கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, மெஷின் வைக்க வேண்டும், காது கேளாமையும் அந்த 14 காரணங்களில் ஒன்று என்றார். மெஷின் வைக்க அக்கா அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டாள். மாத்திரையை அன்று இரவே போட ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்: "அப்படி ஆயிட்டா என்னடா பண்ணுவ?"

நாற்பது வருடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கு நான் முழிச்சிக்கிட்டுதான்க்கா இருந்தேன். அவர் தட்டினது எல்லாம் கேட்டுது."

"தெரியும்டா" என்றாள். "நீயும் நைட்டெல்லாம் கம்பத்துல ஏறிட்டு வந்தவன்."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அம்பத்தூர் ஓ.டி. தாண்டியதும் அக்கா என் கையைத் தட்டி, "நாலரைக்குத் தட்டினேன்னா கதவைத் திற. இட்லி மட்டும் வெச்சுக் குடு" என்றாள்.

திறப்பேன் என்றேன்.